ஒரே கம்பமா, மூன்று இடமா: வீட்டு வானிலை நிலையம் வைக்கும் முன்

என் முதல் வானிலை நிலையத்தை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டினேன். ஏணி தேவையில்லை, சுவரில் துளை போட வேண்டியதில்லை, சிக்னலும் நன்றாகக் கிடைத்தது. இதைவிட வசதியான இடம் ஏது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் போனது. இரவு பத்து மணிக்கு டிஸ்ப்ளேயைப் பார்த்தால் 31 டிகிரி என்றது. கீழே இறங்கி செடிகளுக்குப் பக்கத்தில் நின்றால் உடம்புக்கு அப்படித் தெரியவில்லை. பழைய தெர்மாமீட்டர் ஒன்றைத் தோட்டத்தில், சுவர்களை விட்டுத் தள்ளி, ஆள் உயரத்தில் தொங்கவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 28. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக நான் பெருமையாகக் குறித்துவைத்ததெல்லாம் கைப்பிடிச் சுவரின் வெப்பநிலை.

வானிலை நிலையம் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், உடனே அடுத்த கேள்வி எந்த பிராண்ட் நல்லது என்பதாகத்தான் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது, எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று. மூவாயிரத்துக்கு வாங்கிய கருவி நல்ல இடத்தில் இருந்தால், முப்பதாயிரத்துக்கு வாங்கித் தப்பான இடத்தில் வைத்ததைவிட உண்மை பேசும். அதனால் இந்தக் கட்டுரையில் முதலில் இடங்களை ஒப்பிடுகிறேன், கருவிகள் அப்புறம்.

மூன்று கருவி, மூன்று ஆசை

பெட்டியைத் திறந்தால் ஒன்றாகத் தெரிகிற நிலையத்துக்குள் குறைந்தது மூன்று கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு இடம் கேட்கும்.

வெப்பநிலை, ஈரப்பத சென்சாருக்குத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம் போதும். இது உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் அளவு. அடியில் புல்லோ வெறும் மண்ணோ இருக்க வேண்டும். சிமென்ட் தளம், தகரக் கூரை, ஏசியின் வெளி யூனிட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மழைமானி தாழ்வாக இருக்க ஆசைப்படும். சுற்றிலும் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். நான்கு மடங்கு என்றால் உத்தமம். 3 மீட்டர் சுவர் என்றால் 6 மீட்டர் தள்ளி.

காற்றுவேகமானிக்கு ஆசை ரொம்ப அதிகம். 10 மீட்டர் உயரம், சுற்றியுள்ள தடைகள் அவற்றின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்தில். வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் இதை நிறைவேற்றவே முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

காற்றழுத்தமானி மட்டும்தான் தங்கமான பிள்ளை. வீட்டுக்குள் டிஸ்ப்ளேக்கு உள்ளேயே இருந்துகொள்ளும், ஏனென்றால் அழுத்தம் உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். அதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. கடல் மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ ஒவ்வொரு 8 மீட்டர் ஏற்றத்துக்கும் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும். உங்கள் வீடு 100 மீட்டர் உயரத்தில் இருந்தால், அருகிலுள்ள விமான நிலையம் சொல்லும் கடல்மட்ட அழுத்தத்தைவிடக் கருவி 12 குறைவாகக் காட்டும். கருவி பழுது என்று பலரும் திருப்பி அனுப்புவது இதனால்தான். செட்டிங்கில் அந்த வித்தியாசத்தைப் போட்டால் முடிந்தது.

ஆக, தாழ்வாக வைத்தால் காற்று ஏமாறும், மாடியில் வைத்தால் வெப்பமும் மழையும் ஏமாறும். ஒரே கம்பத்தில் எல்லாவற்றையும் மாட்டுகிறவர் யாரையாவது ஏமாற்றியே ஆக வேண்டும். அது யார் என்பதை வாங்கும் முன் நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டால், அப்புறம் வருத்தம் இருக்காது.

மாடியா, தோட்டமா

வெப்பம் ஏமாறும் கதையைச் சொல்லிவிட்டேன். மழை மாடியில் ஏமாறுவதை நம்பத்தான் பலருக்கும் கஷ்டம். மேலே இருந்து விழுவது மேலே அதிகமாகத்தானே கிடைக்கும் என்பார்கள். இந்தச் சந்தேகம் பழையது. 1766-67இல் வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் ஒரு மழைமானியைத் தரையருகிலும், ஒன்றை வீட்டுக் கூரையிலும், ஒன்றை வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலும் வைத்து ஓராண்டு அளந்தார். உச்சியில் கிடைத்தது தரையில் கிடைத்ததில் ஏறத்தாழப் பாதிதான். ஏன் என்று அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 1861இல், பின்னாளில் பொருளாதார அறிஞராகப் பெயர் வாங்கிய வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் காரணத்தைச் சொன்னார்: காற்று. உயரத்தில் காற்று வேகம் அதிகம். அது மழைமானியில் மோதி மேலே எழும்பி, உள்ளே விழ வேண்டிய துளிகளை வாயைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

காற்றோடு வரும் மழையில் இதை நீங்களே பார்க்கலாம். நேராகக் கொட்டும் மழையில் மாடியும் தோட்டமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். சாய்ந்து அடிக்கும் மழையில்தான் மாடி தோற்கும்.

காற்றுக்கு மட்டும் மாடிதான். திறந்த வெளியில் 2 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் வேகம் 10 மீட்டரில் கிடைப்பதில் சுமார் 80 சதவீதம் இருக்கும், அதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். மதில்களும் மரங்களும் சூழ்ந்த தோட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே காற்று சுழலும், திசைகாட்டி பம்பரம் மாதிரி சுற்றும், வேகமோ பாதிக்கும் கீழே போகும். எதைக் கொண்டு பெருக்கினாலும் உண்மை வராது.

மூன்றாவதாக ஒரு இடம் உண்டு: ஜன்னல் ஓரம், பால்கனி, சுவரில் அடித்த தாங்கி. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லைதான். அப்படியானால் மழைமானியும் காற்றுவேகமானியும் இருக்கும் மாடலுக்குச் செலவு செய்யாதீர்கள். பால்கனியில் மழை என்பது காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதன் பதிவு, அவ்வளவுதான். நேர் வெயில் படாத பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி நிற்கும்படி வெப்பநிலை சென்சாரை மாட்டி, அழுத்தத்தை உள்ளே பார்த்துக்கொண்டால், அது முறையான சின்ன நிலையம்.

ஆல் இன் ஒன் செட்

சந்தையில் அதிகம் விற்பது இதுதான். ஒரு கையடக்கமான தலை, அதில் காற்று, மழை, வெப்பம், ஈரப்பதம், வெயிலின் அளவு எல்லாம். மேலே சிறிய சோலார் பேனல், உள்ளே பேட்டரி. ஒரு குழாயில் கிளாம்ப் போட்டு முடுக்கினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. முதல் நிலையத்துக்கு இதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை, எல்லாம் ஒரே உயரத்தில் மாட்டிக்கொள்வதுதான். அதனால் இதை வாங்கினால் மாடியை மறந்துவிட்டுத் தோட்டத்தில் 2 மீட்டர் கம்பத்தில் வையுங்கள் என்பது என் கட்சி. காற்று குறைவாகக் காட்டும், தெரிந்தே விட்டுவிடலாம். மழையும் வெப்பமும் சரியாக வரும். வீட்டுக்காரருக்குத் தினமும் உபயோகப்படுவது அந்த இரண்டும்தான்: செடிக்குத் தண்ணீர் விடலாமா, துணியை எடுக்கலாமா.

இந்த வகையிலேயே இப்போது இரண்டு பிரிவு. ஒன்றில் காற்றுக்குக் கிண்ணங்கள் சுற்றும், மழைக்குச் சின்ன வாளி ஒன்று சாய்ந்து சாய்ந்து கொட்டும், எத்தனை தடவை சாய்ந்தது என்பதுதான் மழைக் கணக்கு. டிப்பிங் பக்கெட் என்பார்கள். மற்றொன்றில் அசையும் பாகமே கிடையாது. ஒலியலைகள் குறுக்கே போய்ச் சேரும் நேரத்தை வைத்துக் காற்றையும், மூடியின் மேல் துளி விழும் அதிர்ச்சியை வைத்து மழையையும் கணக்கிடும். தேய்மானம் இல்லை, அடைப்பு இல்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் தூறல் என்று ஒன்று இருக்கிறதே, அதன் பொடித் துளிகள் மூடியை அசைக்கவே அசைக்காது. மண் நனைந்திருக்கும், டிஸ்ப்ளே பூஜ்யம் காட்டும். கம்பம் தளர்ந்து ஆடினால் வெயிலிலும் மழை பெய்ததாகச் சொல்லும். மழை அளவு முக்கியம் என்பவர் சாய்வு வாளியையே எடுக்கட்டும். கருவி மாட்டிய இடத்துக்கு வருடத்துக்கு ஒரு முறைகூட ஏற முடியாது என்பவருக்கு அசையாத வகை நல்லது.

சாய்வு வாளியைப் பற்றி ஒரு அனுபவம். ஒரு இரவு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தூக்கமே வரவில்லை, காலையில் எவ்வளவு காட்டும் என்ற ஆர்வம். பார்த்தால் 3 மி.மீ. தோட்டத்தில் வைத்திருந்த சாதாரணக் குழாய் மழைமானியில் 41. புனலைக் கழற்றினேன். துவாரத்தின் மேல் ஒரே ஒரு இலை, வட்டமாக, அளவெடுத்து வைத்தது போல உட்கார்ந்திருந்தது. கீழே வாளியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. இலையைத் தாண்டி இறங்கிய கொஞ்சத் தண்ணீரும் வாளியை அசைக்க முடியாமல் வழிந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு அங்கே போய் நிற்கிறேன். பிரஷ் எட்டாத உயரத்தில் மழைமானி இருந்தால் இந்த வேலை நடக்காது. தாழ்வாக வைக்க இதுவும் ஒரு காரணம்.

தனித்தனி சென்சார்கள்

காற்றுவேகமானியை மட்டும் பிரித்து உயரத்தில் வைத்துக்கொள்ளும் வசதி உள்ள நிலையங்கள் இருக்கின்றன. டேவிஸ் வான்டேஜ் புரோ 2 இந்த வகையில் பல காலமாகப் பெயர் வாங்கியது. அதன் காற்றுவேகமானி சுமார் 12 மீட்டர் ஒயரோடு வரும், மழையும் வெப்பமும் கீழே, காற்று மேலே. ஈகோவிட் போன்றவர்கள் வேறு வழியில் போகிறார்கள்: சென்சார்களின் எண்களை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் ஒரு கேட்வே பெட்டி, அதனோடு பல தனிச் சென்சார்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்று வெப்பநிலை, அடுத்த ஆண்டு மழை, அப்புறம் மண் ஈரம் என்று கைக்குத் தகுந்தபடி வளர்க்கலாம்.

எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. மொத்தமாகப் பார்த்தால் செலவு கூடும், பேட்டரிகளின் எண்ணிக்கையும் கூடும். ஆனால் ஒன்று கெட்டால் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஆல் இன் ஒன் தலையில் ஈரப்பத சென்சார் போய்விட்டால் பல மாடல்களில் தலையையே மாற்ற வேண்டியிருக்கும். முதலில் போவதும் பெரும்பாலும் அந்த ஈரப்பத சென்சார்தான்.

அதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மூடி இறுகும் டப்பாவில் ஒரு மூடி நிறையச் சமையல் உப்பை வைத்து, கொழகொழவென்று ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. சென்சார் உப்பைத் தொடாமல் உள்ளே வைத்து மூடி, அரை நாள் அசையாமல் விட்டால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உங்கள் சென்சார் 74, 77 என்றால் நல்லது. 88 என்றால் அதற்கு வயதாகிவிட்டது. தனிச் சென்சாராக இருந்தால்தான் இப்படி டப்பாவுக்குள் போடவே முடியும்.

வெப்பநிலை சென்சாரைத் தனியாக வாங்கும்போது அதன் கவசத்தைப் பாருங்கள். கவிழ்த்த தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கியது போல வெள்ளையாக இருக்குமே, அதுதான். இதன் மூதாதை தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை வைத்த வெள்ளை மரப்பெட்டி. கலங்கரை விளக்குகள் கட்டிய பொறியாளர் அவர். எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் அப்பா. வெயில் உள்ளே வரக் கூடாது, காற்று வர வேண்டும் என்ற அதே யோசனைதான் இன்றைய பிளாஸ்டிக் தட்டுகளிலும். காற்றே இல்லாத உச்சி வெயிலில் இந்தத் தட்டுகளும் கொஞ்சம் தோற்கும், ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். சின்ன ஃபேன் வைத்த கவசங்கள் அதைக் குறைக்கும். அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, சும்மா கிடைக்கிற நல்ல இடத்தை முதலில் தேடுவேன்.

நீங்களே செய்வது

சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. வைஃபை உள்ள சின்ன ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 சென்சார் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஒரு மாலையில் எண்கள் வந்துவிடும். அந்த எண்களை நம்ப ஆறு மாதம் ஆகும்.

பிஎம்இ280 அழுத்தத்துக்கு அருமையானது. அதன் வெப்பநிலை அளவு தயாரிப்பாளர் கணக்கிலேயே ஒரு டிகிரி வரை தள்ளலாம், தன் சூட்டிலும் பக்கத்திலிருக்கும் போர்டின் சூட்டிலும் இன்னும் கொஞ்சம் தள்ளும். வெப்பத்துக்கு எஸ்ஹெச்டி31 போன்ற வேறொன்றைத் தனி ஒயரில் வெளியே விடுவது நல்லது. அப்புறம் ஈரம். பெட்டியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே வியர்க்கும். அடியில் ஒரு சிறு துளை விட்டால் வடியும், ஆனால் அதற்குள் எறும்பு குடித்தனம் வரும். வாளியின் சாய்வுகளை எண்ணும் காந்த சுவிட்ச் ஒரு சாய்வுக்கு இரண்டு தடவை துள்ளி, பெய்த மழையை இரட்டிப்பாக எழுதும்; அதை மென்பொருளில் அடக்க வேண்டும்.

இதெல்லாம் உங்களுக்குத் தலைவலியாகத் தெரிந்தால் வாங்கிவிடுங்கள். பொழுதுபோக்காகத் தெரிந்தால் இதைவிடச் சுவாரசியமான வேலை கிடையாது. பணம் மிச்சமாகும் என்று மட்டும் இதில் இறங்காதீர்கள், ஆகாது.

கையால் அளப்பது

இதைக் கடைசியில் வைத்தாலும் முதலில் வாங்க வேண்டியது இந்தச் சாதாரணக் குழாய் மழைமானிதான். பேட்டரி இல்லை, ஆப் இல்லை. மேலே பத்து செ.மீ. வாய் உள்ள புனல், உள்ளே அதன் பரப்பில் பத்தில் ஒரு பங்கு பரப்புள்ள குழாய். அதனால் 1 மி.மீ. மழை குழாயில் 1 செ.மீ. உயரம் நிற்கும், கண்ணாடி போடாமலே படிக்கலாம். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துக் கொட்டிவிட வேண்டும்.

நேரான சுவருள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். வாய் அகலமோ குறுகலோ, ஆழம் ஒன்றுதான். மின்னணு மழைமானி பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான சாட்சி இல்லை. என் 41 மி.மீ. இரவில் உண்மையைச் சொன்னதும் இதுதான்.

சாட்சி சொன்னபின் திருத்த வேண்டுமானால், சாய்வு வாளியைத் தண்ணீர் ஊற்றியும் சரிபார்க்கலாம். புனலின் வாய் விட்டம் 16 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், பரப்பு சுமார் 201 சதுர செ.மீ. 201 மில்லி தண்ணீர் ஊற்றினால் 10 மி.மீ. காட்ட வேண்டும். ஒரேயடியாக ஊற்றக் கூடாது. பாட்டிலின் அடியில் குண்டூசியால் துளை போட்டு ஒரு மணி நேரம் சொட்டவிடுங்கள். வேகமாக ஊற்றினால் வாளி சாயும் நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. பேய்மழையில் இந்த வகை குறைத்துக் காட்டுவதும் அதனால்தான். அதற்கு முன் ரசமட்டம் வைத்து மழைமானி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

வாங்கும் கடைசி நிமிடத்தில்

வானொலி அலைவரிசை: 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று மாடல்கள் வரும். உங்கள் நாட்டில் எதற்கு அனுமதி என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். 100 மீட்டர் எட்டும் என்று அட்டையில் போட்டிருப்பது நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளிக்கு. இரண்டு கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் கால்வாசி கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

தரவு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். சில நிலையங்கள் நிறுவனத்தின் சர்வரைத் தவிர வேறு எங்கும் பேசாது. அவர்கள் கடையை மூடினால் உங்கள் நான்கு வருட மழைக் கணக்கும் போய்விடும். வீட்டுக்குள்ளேயே தரவைச் சேமிக்கவிடும் மாடலாக இருந்தால் வீவெக்ஸ் போன்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டு நிலையங்களின் எண்களைத் திரட்டும் வெதர் அண்டர்கிரவுண்ட் இணையதளத்தில் பகிர்வது அப்புறம் உங்கள் விருப்பம். பகிர்ந்தால் ஒரு லாபம், பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டு உங்கள் எண் எங்கே விலகுகிறது என்று பார்க்கலாம்.

மாடியில் இரும்புக் கம்பம் நடுகிறவர்கள் எர்த் போடுவதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கம்பம் சாய்ந்தால் மின்கம்பியைத் தொடும் தூரமா என்பதை நடும் முன் அளந்து பாருங்கள்.

எனக்கு இப்போது இருப்பது இப்படி: தோட்டத்தில் இடுப்பு உயரத்தில் சாய்வு வாளி, அதற்கு இரண்டடி தள்ளிக் குழாய் மழைமானி, புல்லுக்கு மேல் ஒன்றரை மீட்டரில் தட்டுக் கவசம். காற்றுவேகமானி மட்டும் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நீளும் குழாயில். மேற்கிலிருந்து வரும் காற்றை அந்தத் தொட்டி இன்னும் கொஞ்சம் கெடுக்கிறது. குழாயை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தினால் சரியாகும், அதற்கு இழுப்புக் கம்பி கட்ட வேண்டும். இந்த மழைக்காலம் முடியட்டும் என்று விட்டிருக்கிறேன்; மேற்குக் காற்று எண்களுக்குப் பக்கத்தில் நோட்டில் 'தொட்டி' என்று எழுதிவைக்கிறேன்.